ஒரு கேசட், பதினாறு பாட்டு, இரண்டு மொழி!
பெங்களூர்த் தொழிலாளியின் வீட்டுக்கு பி.பி.ஸ்ரீநிவாஸ் வந்த கதை

கேசட் காலத்தில் மெஜஸ்டிக்கிலும் சிக்பேட்டையிலும் பாட்டுக் கடைக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். ஒரு வரிசையில் ஜெமினி கணேசன் படம் போட்ட கேசட் இருக்கும். பக்கத்து வரிசையில் ராஜ்குமார் படம் போட்ட கேசட் இருக்கும். முதல் கேசட்டைத் தமிழர் வாங்குவார். இரண்டாவது கேசட்டைக் கன்னடர் வாங்குவார். வீட்டுக்குப் போய்ப் போட்டால் இரண்டு வீட்டிலும் பாடுகிறவர் ஒருவரே!

அவர்தான் பி.பி.ஸ்ரீநிவாஸ்.

சம்பளத் தேதியில் வாங்கும் குறைந்த விலைத் தொகுப்பு கேசட்டுகள்தான் அவரை ஆலைத் தொழிலாளி வீட்டிலும் ஆபீஸ் குமாஸ்தா வீட்டிலும் நிரந்தரமாகக் குடியேற்றின. அந்த கேசட்டுகள் செய்த நன்மை பெரிது. அவற்றால் நேர்ந்த அநியாயமும் சிறிதல்ல.

காக்கிநாடாவில் பிறந்தவர்

பிரதிவாதி பயங்கரம் ஸ்ரீநிவாஸ் என்பது அவருடைய முழுப் பெயர். 1930 செப்டம்பர் 22-ந் தேதி ஆந்திராவில் உள்ள காக்கிநாடாவில் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு. படித்தது பி.காம். வீணை வித்துவான் ஈமனி சங்கர சாஸ்திரி அவரை ஜெமினி ஸ்டூடியோவுக்கு அழைத்துச் சென்றார். 1952-ல் எஸ்.எஸ்.வாசன் எடுத்த "மிஸ்டர் சம்பத்" என்ற இந்திப் படத்தில் முதன்முதலாகப் பாடினார்.

அடுத்த ஆண்டே தமிழில் "ஜாதகம்", கன்னடத்தில் "ஜாதகபல" ஆகிய படங்களில் பாடினார். ஆர்.நாகேந்திர ராவ் ஒரே கதையை மொழிக்கு ஒன்றாக எடுத்த படங்கள் அவை. ஆக, இரண்டு மொழியிலும் அவர் ஒரே ஆண்டில் கால் வைத்தார். பின்னால் இரண்டு வரிசையில் கேசட் வரப்போவதற்கு அப்போதே அச்சாரம் போட்டாகிவிட்டது.

தமிழில் அவருடைய காலம் 1960-ல் "அடுத்த வீட்டுப் பெண்" படத்தோடு சூடு பிடித்தது. 1961-ல் வந்த "பாவ மன்னிப்பு" படத்தில் சிவாஜிக்கு டி.எம்.சௌந்தரராஜன் பாடினார். ஜெமினிக்கு ஸ்ரீநிவாஸ் பாடினார். அந்தப் பாட்டுக்குப் பிறகு ஜெமினி என்றால் பி.பி.எஸ்., பி.பி.எஸ். என்றால் ஜெமினி என்று ஆகிவிட்டது. 1962-ல் "சுமைதாங்கி", "போலீஸ்காரன் மகள்", "நெஞ்சில் ஓர் ஆலயம்" என்று அடுத்தடுத்து வந்தன. 1966-ல் "ராமு" வந்தது.

"சுமைதாங்கி"யில் கண்ணதாசன் எழுதிய பாட்டுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. சென்னையில் வாய்ப்புக் கிடைக்காமல் மனம் உடைந்து ஊர் திரும்ப இருந்த ஓர் இளம் கவிஞர், ஸ்ரீநிவாஸ் அந்தப் பாட்டைப் பாடக் கேட்டு முடிவை மாற்றிக்கொண்டார். அவர்தான் கவிஞர் வாலி. இதை வாலியே பல முறை சொல்லியிருக்கிறார். ஊரை விட்டு வந்து வெளியூரில் வேலை தேடுகிறவர்களுக்கு அந்தப் பாட்டு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

சரீரமும் சாரீரமும்

கன்னடத்தில் அவருடைய இடம் இன்னும் பெரிது. 1960-ல் வந்த "பக்த கனகதாச" படத்தில் ராஜ்குமாருக்கு அவர் கொடுத்த குரல் கர்நாடகம் முழுவதும் ஒலித்தது. பதினைந்து ஆண்டுக் காலம் திரையில் ராஜ்குமார் வாயைத் திறந்தால் வந்தது பெரும்பாலும் ஸ்ரீநிவாஸின் பாட்டே. "கஸ்தூரி நிவாச" (1971), "பங்காரத மனுஷ்ய" (1972) படங்களின் பாட்டுகளைக் கேட்காத கன்னடர் வீடு இருக்க முடியாது. "சரீரம் ராஜ்குமார், சாரீரம் ஸ்ரீநிவாஸ்" என்று கன்னடர்கள் சொல்வது வழக்கம்.

அந்தக் காலத்தில் கன்னடப் படப் பாட்டுகளும் பெரும்பாலும் சென்னை ஸ்டூடியோக்களிலேயே பதிவாயின. இசை அமைத்தவர்களில் சிலர் இரண்டு மொழிக்கும் சொந்தக்காரர்கள். திருச்சிக்காரரான டி.ஜி.லிங்கப்பா கன்னடத்தில் கொடி நாட்டினார். ஜி.கே.வெங்கடேஷ் கன்னடத்தில் உச்சத்தில் இருந்தபடியே தமிழிலும் இசை அமைத்தார். இளையராஜா தொழில் பழகியது இந்த வெங்கடேஷிடம்தான். தமிழ்ப் பாட்டும் கன்னடப் பாட்டும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் பிறந்தவை என்றால் மிகை அல்ல.

1974-ல் "சம்பத்திகெ சவால்" படத்தில் ராஜ்குமார் சொந்தக் குரலில் பாடினார். பாட்டு பெரும் வெற்றி பெற்றது. அதன் பிறகு ராஜ்குமார் பெரும்பாலும் தாமே பாடலானார். தமிழிலும் அதே சமயத்தில் புதிய குரல்கள் வந்துவிட்டன. ஸ்ரீநிவாஸுக்குப் புதுப் பாட்டுகள் குறைந்தன.

புதுப் பாட்டுகள் குறைந்த அந்தச் சமயத்தில்தான் பழைய பாட்டுகளுக்கு ஒரு புதிய வாழ்வு வந்தது. அதைக் கொண்டு வந்தது கேசட்!

தட்டு போய் நாடா வந்தது

அதற்கு முன் பாட்டு கேட்பது என்றால் என்ன? ஓட்டல் ரேடியோ. கல்யாண வீட்டு ஒலிபெருக்கி. இரவில் இலங்கை வானொலி. சொந்தமாகப் பாட்டு வைத்திருப்பது பணக்காரர் விஷயம்.

பழைய கருப்புத் தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும். ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு, ஏறக்குறைய மூன்று நிமிஷம். கை தவறினால் உடைந்துவிடும். பிறகு வந்த இ.பி. தட்டில் சாதாரணமாக நான்கு பாட்டு. எல்.பி. தட்டில் பன்னிரண்டு பாட்டு வரை. எல்லாவற்றுக்கும் கிராமபோன் அல்லது ரிக்கார்ட் பிளேயர் வேண்டும். முள் தேய்ந்தால் மாற்ற வேண்டும். ஒற்றை அறை வாடகை வீட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா?

இந்தியாவில் தட்டுத் தொழில் வெகு காலம் ஒரே கம்பெனியின் கையில் இருந்தது என்றே சொல்லலாம். நாய் மார்க் எச்.எம்.வி. தட்டுகளை வெளியிட்ட கிராமபோன் கம்பெனிக்குக் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் தொழிற்சாலை. போட்டி அதிகம் இல்லாததால் விலை இறங்கவும் இல்லை.

1963-ல் பிலிப்ஸ் கம்பெனி பெர்லின் கண்காட்சியில் கையடக்க கேசட்டை அறிமுகம் செய்தது. நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. வினாடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவாகவே ஓடும். இந்தச் சின்னப் பொருள் 1970-களின் கடைசியிலும் 1980-களிலும் இந்தியா முழுவதும் பரவியது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது "டூ-இன்-ஒன்" கொண்டு வந்தார்கள். உள்நாட்டிலும் டேப் ரிக்கார்டர்கள் விலை இறங்கி வந்தன.

தட்டு அச்சடிக்கப் பெரிய ஆலை வேண்டும். கேசட் பிரதி எடுக்க நான்கு இயந்திரமும் ஓர் அறையும் போதும். எனவே புதுக் கம்பெனிகள் மளமளவென்று முளைத்தன. கல்கத்தாவின் இன்ரிகோ, சென்னையின் எக்கோ, பெங்களூரின் லஹரி என்று அவை கடை கடையாக நிறைந்தன. போட்டி வந்ததும் விலை இறங்கியது. தொழிலாளி கைக்குப் பாட்டு எட்டியது.

பதினாறு பாட்டின் கணக்கு

தொகுப்பு கேசட்டில் என்ன இருந்தது? கணக்கு எளிது.

சி-60 என்ற நாடாவில் ஒரு பக்கம் முப்பது நிமிஷம். பழைய பாட்டு ஒன்று மூன்றரை நிமிஷம் என்றால், பக்கத்துக்கு எட்டுப் பாட்டு. இரண்டு பக்கமும் சேர்ந்தால் பதினாறு. பதினாறு படத்தின் தட்டுகளைத் தேடி அலைய வேண்டியதை ஒரே பெட்டியில் அடக்கிக் கொடுத்தார்கள். இதுதான் தொகுப்பின் மகிமை.

கம்பெனிக்கும் இது லாபம். புதுப் படத்துப் பாட்டுக்குத் தயாரிப்பாளரிடம் பெரிய தொகை கொடுத்து உரிமை வாங்க வேண்டும். படம் ஓடாவிட்டால் நஷ்டம். பழைய பாட்டு ஏற்கெனவே கிடங்கில் கிடக்கிறது. ஸ்டூடியோ செலவு இல்லை. வாத்தியக்காரர் கூலி இல்லை. புது அட்டை ஒன்று அச்சடித்தால் போதும்.

அதனால் என்ன ஆனது? ஒரே பாட்டு பல அட்டைகளில் வந்தது. பாடகர் பெயரில் ஒரு தொகுப்பு. நடிகர் பெயரில் ஒரு தொகுப்பு. கவிஞர் பெயரில் ஒன்று. இசை அமைத்தவர் பெயரில் ஒன்று. சோகப் பாட்டு, காதல் பாட்டு, தத்துவப் பாட்டு என்று வகைக்கு ஒன்று. "பாவ மன்னிப்பு" பாட்டு இதில் எல்லாவற்றிலும் இடம் பெறத் தகுதி உள்ளது! மூன்று கேசட் வாங்கியவர் வீட்டுக்கு வந்து பார்த்தால், பாதிப் பாட்டு மூன்றிலும் இருக்கும்.

இன்னொரு விளைவும் உண்டு. தொகுப்பில் திரும்பத் திரும்ப வந்த பாட்டு நிலைத்தது. வராத பாட்டு மறைந்தது. ஸ்ரீநிவாஸ் என்றால் சோகமும் மென்மையும்தான் என்று பலர் எண்ணுவதற்கு இந்தக் கேசட்டுகளும் ஒரு காரணம். "பாசம்" (1962) படத்தில் எம்.ஜி.ஆருக்கும், "எதிர் நீச்சல்" (1968) படத்தில் நாகேஷுக்கும் பாடியவர் அவர். வடமொழி சுலோகங்களும் பக்திப் பாட்டுகளும் பாடியிருக்கிறார். எட்டு மொழிகளில் கவிதை எழுதியவர். உருது கஜல் எழுதியவர். ஜெமினி படம் போட்ட அட்டைக்குள் இத்தனையும் அடங்குமா?

அட்டையில் இல்லாத பெயர்கள்

குறைந்த விலைக் கேசட்டின் அட்டையைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். முன்பக்கம் நடிகரின் வண்ணப் படம். உள்ளே பாட்டின் முதல் சொற்களும் படத்தின் பெயரும் இருக்கும். பாட்டை எழுதியவர் யார்? பல அட்டைகளில் இராது. படம் வந்த ஆண்டு எது? அதுவும் இராது. புல்லாங்குழல் வாசித்தவர், வயலின் வாசித்தவர் பெயரை யாரும் எதிர்பார்ப்பதே இல்லை.

சட்டம் கேட்காதா? கேட்டது. 1984-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி 52-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். திருட்டு கேசட்டை ஒழிப்பது நோக்கம். ஒவ்வொரு கேசட்டின் மீதும் மூன்று விவரங்கள் கட்டாயம் வேண்டும் என்று அது சொல்கிறது. கேசட்டைத் தயாரித்தவர் பெயரும் முகவரியும். காப்புரிமை யாருக்கோ அவருடைய பெயரும் முகவரியும். முதலில் வெளியான ஆண்டு.

பாடியவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. எழுதியவர் பெயரும் இல்லை!

கேசட் யாருடைய சொத்து என்பதைச் சட்டம் கேட்டது. அது யாருடைய உழைப்பு என்று கேட்கவில்லை.

குரல் மாறிய கேசட்டுகள்

விலை இன்னும் மலிவாக வேண்டும் என்றவர்களுக்கு இரண்டு விதமான சரக்கு கிடைத்தது.

ஒன்று, நேரான திருட்டு. அசல் கேசட்டிலிருந்து நாடாவுக்கு நாடா பிரதி எடுத்து, மங்கலான அட்டை சுற்றி நடைபாதையில் விற்றார்கள். மட்டமான நாடா. ஒரு மாதத்தில் குரல் கம்மும். டேப் ரிக்கார்டரின் வாயில் சிக்கிக்கொண்டு நாடா குடல் மாதிரி வெளியே வரும். பென்சிலை விட்டுச் சுற்றித்தான் உள்ளே தள்ள வேண்டும்.

இன்னொன்று, சட்டத்தின் சந்து வழியாக வந்தது. ஒரு பாட்டு வெளியாகி இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டால், முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, உரிய தொகையும் கட்டினால், வேறு பாடகரை வைத்து அதே பாட்டைப் பதிவு செய்து விற்கலாம் என்று 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருந்தது. இந்த வழியைப் பயன்படுத்தி டி-சீரிஸ் கம்பெனி வடக்கே பழைய இந்திப் பாட்டுகளைப் புதுக் குரல்களில் மலிவு விலைக்கு விற்றுப் பெரிய கம்பெனியாக வளர்ந்தது. தெற்கேயும் அந்தப் பழக்கம் வந்தது. அட்டையில் பழைய படத்தின் பெயர் பெரிதாக இருக்கும். "பாடியவர் வேறு" என்பது பொடி எழுத்தில் இருக்கும்.

வாங்கி வந்தவர் போட்டுக் கேட்பார். பாட்டு அதேதான். மெட்டும் அதேதான். ஆனால் முதல் வரி முடிவதற்குள் வீட்டில் உள்ள கிழவி சொல்லிவிடுவாள், "இது அவரு இல்லே!"

பிற்பாடு சட்டம் இறுக்கப்பட்டது. மக்களை ஏமாற்றும் விதத்தில் அட்டை போடக் கூடாது என்று 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டு ஆண்டுக் கெடுவை ஐந்து ஆண்டாக ஆக்கியது.

அமெரிக்காவிலும் இதே கதை

இது தென்னாட்டுக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. பெங்களூர் தண்டுப் பகுதியில் ஆங்கிலோ-இந்தியர் வீடுகளில் அதிகம் ஒலித்த குரல்களில் ஒன்று ஜிம் ரீவ்ஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாடகருடையது. கிறிஸ்துமஸ் சமயத்தில் அவருடைய பாட்டு இல்லாமல் இராது. ஸ்ரீநிவாஸைப் போலவே அவருக்கும் தாழ்ந்த, மென்மையான குரல். சத்தம் போட்டுப் பாடுகிற வழக்கம் இல்லை.

1964 ஜூலை 31-ந் தேதி நாஷ்வில் நகருக்கு அருகே அவர் ஓட்டிச் சென்ற சிறு விமானம் புயல் மழையில் சிக்கி விழுந்தது. அவர் இறந்தார். ஆனால் புதுப் புது இசைத்தட்டுகள் வருவது நிற்கவில்லை! ஆர்.சி.ஏ. கம்பெனி, கேம்டன் என்ற மலிவுப் பெயரிலும் அவருடைய பழைய பாட்டுகளைத் தொகுத்து விற்றது. பழைய பதிவில் குரலை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னணி வாத்தியங்களைப் புதிதாகச் சேர்த்தும் வெளியிட்டார்கள்.

1981-ல் இன்னொரு அதிசயம் நடந்தது. பாட்சி கிளைன் என்ற பாடகியும் 1963-ல் விமான விபத்தில் இறந்தவர். இருவர் குரலையும் மின்னணு முறையில் ஒட்டி ஜோடிப் பாட்டாக வெளியிட்டார்கள். வாழ்ந்தபோது சேர்ந்து பாடிப் பதிவு செய்யாத இருவரைச் செத்த பிறகு சேர்த்து வைத்தார்கள். பாடகன் போனாலும் பாட்டு சம்பாதித்துக்கொண்டே இருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பாடியவருக்கு என்ன கிடைத்தது?

இத்தனை கேசட் விற்றதே, ஸ்ரீநிவாஸ் போன்ற பாடகர்களுக்கு என்ன கிடைத்தது? இந்தக் கேள்விதான் முக்கியமானது.

படப் பாட்டு என்றால் வழக்கம் இதுதான்: ஸ்டூடியோவுக்கு வந்து பாடினால் அன்றைய கூலி. அதோடு கணக்குத் தீர்ந்தது. பாட்டு நூறு தட்டு விற்றாலும் லட்சம் கேசட் விற்றாலும் பாடியவருக்கு அதில் பங்கு கிடைப்பது அரிது. 1960-களின் தொடக்கத்தில் இந்திப் பட உலகில் லதா மங்கேஷ்கர், பாடகர்களுக்கும் ராயல்டி வேண்டும் என்றார். முகமது ரபி, கூலி வாங்கியதோடு சரி என்றார். இந்தக் கருத்து வேற்றுமையால் இருவரும் சில ஆண்டுகள் சேர்ந்து பாடவே இல்லை.

எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் நிலைமை இதே மாதிரிதான். படத்துக்காகக் கூலி பெற்று எழுதிய பாட்டும் அமைத்த இசையும் தயாரிப்பாளருக்கே சொந்தம், வேறு ஒப்பந்தம் இருந்தால் ஒழிய, என்று 1977-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

பாடகர்களுக்கு என்று ஒரு உரிமை சட்டத்தில் முதன்முதலாக வந்தது 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். அதிலும் சினிமாவுக்குப் பாட ஒப்புக்கொண்டால் அந்த உரிமை போய்விடும் என்று வைத்திருந்தார்கள். 2012-ல்தான் நிலைமை மாறியது. பாட்டு வியாபாரமாகப் பயன்படும்போது பாடியவருக்கும் எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் பங்கு உண்டு என்று சட்டம் ஆயிற்று. பாடகர்கள் அந்தப் பணத்தை வசூலிக்க 2013-ல் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள்.

இங்கேதான் விதி விளையாடியது. பாடகரின் உரிமைக்குச் சட்டம் வைத்திருக்கும் ஆயுள் 50 ஆண்டு. கம்பெனி கையில் உள்ள பதிவின் உரிமைக்கு ஆயுள் 60 ஆண்டு. 1961-ல் பாடிய பாட்டுக்கு 50 ஆண்டு என்று எண்ணினால் 2011-ஓடு முடிகிறது. புதுச் சட்டம் வந்ததோ 2012-ல்! விருந்துக்கு இலை போடும் முன்பே பந்தி முடிந்துவிட்டது.

சட்டம் வந்து ஓர் ஆண்டு ஆகும் முன்பே, 2013 ஏப்ரல் 14-ந் தேதி, தமிழ்ப் புத்தாண்டு நாளில் ஸ்ரீநிவாஸ் சென்னையில் காலமானார். வயது 82. அடுத்த மாதமே, மே 25-ந் தேதி, டி.எம்.சௌந்தரராஜனும் மறைந்தார். "பாவ மன்னிப்பு"வில் சேர்ந்து ஒலித்த இரண்டு குரல்களும் நாற்பத்தொரு நாள் இடைவெளியில் ஓய்ந்தன.

ஸ்ரீநிவாஸின் கடைசிக் காலம் எளிமையானது. சென்னை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலில் தலைப்பாகையோடும், சட்டைப் பை நிறையப் பேனாக்களோடும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார். வருகிறவர்களோடு அவரவர் மொழியில் பேசுவார். 2008-ல் அந்த ஓட்டல் மூடப்படும் வரை, அவரைப் பார்க்க வேண்டும் என்றால் அங்கே போனால் போதும் என்பது பட உலகத்தாருக்குத் தெரியும்.

சுவருக்கு அந்தப் பக்கம்

பெங்களூர்த் தமிழருக்கு ஸ்ரீநிவாஸ் பாட்டில் இன்னொரு சம்பந்தமும் உண்டு.

அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர் பகுதிகளில் தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் உருது பேசுகிறவர்களும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வாழ்கிறார்கள். பின்னி ஆலையிலும் ஐ.டி.ஐ., எச்.ஏ.எல்., பி.இ.எல். தொழிற்சாலைகளிலும் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள் அவர்கள். சாதாரண நாட்களில் ஒரு வீட்டில் பாடும் பாட்டு நான்கு வீட்டுக்கும் கேட்கும். யாரும் குறை சொன்னதில்லை.

எல்லா நாளும் சாதாரண நாளாக இருக்கவில்லை. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையால் கலவரம் மூண்டது. தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. உயிர்கள் போயின. 2000-ல் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திய 108 நாட்களும் நகரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. தமிழ்ப் படங்கள் ஓடும் தியேட்டர்களில் தமிழ்ப் படம் நின்றது. அத்தகைய நாட்களில் தமிழ்ப் பாட்டின் ஒலியைத் தாழ்த்தி வைப்பதே புத்திசாலித்தனம் என்று வீட்டுப் பெரியவர்கள் எண்ணினார்கள்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். சுவருக்கு இந்தப் பக்கம் தாழ்த்தி வைத்த குரலும், அந்தப் பக்கம் உரக்க வைத்த குரலும் ஒன்றே. அந்தக் குரலுக்கு உரியவர் தமிழரும் அல்ல, கன்னடரும் அல்ல. ராஜ்குமார் பிறந்த காஜனூர் இன்று தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. எம்.ஜி.ஆரோடும் ஜெமினியோடும் நடித்துத் தமிழரின் மனத்தைக் கவர்ந்த சரோஜாதேவி பெங்களூர்க்காரர். எந்தப் பாட்டு யாருடையது என்று எல்லைக் கல் நடப் போனால், கல்லை எங்கே நடுவது?

இன்றைய நிலை

2000-ஐ ஒட்டி எம்.பி.3 குறுந்தட்டு வந்தது. ஒரே தட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டு. கேசட் கடைகள் செல்போன் கடைகளாக மாறின. கொஞ்ச காலம் "மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்" என்ற பலகை தொங்கியது. பிறகு அதுவும் போயிற்று. பாட்டு இப்போது போனிலேயே வருகிறது.

நாய் மார்க் கம்பெனி சாரேகாமா என்று பெயர் மாறிவிட்டது. 2017-ல் அது பழைய டிரான்சிஸ்டர் வடிவத்தில் "கார்வான்" என்ற பெட்டியைக் கொண்டு வந்தது. பிறகு தமிழ்ப் பாட்டுக்கும் தனிப் பெட்டி வந்தது. ஐயாயிரம் பாட்டு உள்ளேயே இருக்கும். பாடகர் பெயரைத் திருப்பினால் அவர் பாட்டு வரும். தொகுப்பு கேசட்டின் பேரன் என்று அதைச் சொல்லலாம்.

சட்டத்தின் கெடுவும் ஓடிக்கொண்டே இருக்கிறது. 1961-ல் வெளியான தட்டு என்றால் அந்தப் பதிவின் உரிமை 2021 கடைசியோடு முடிந்தது. 1966-ல் வெளியானது என்றால் 2026 கடைசி வரை. ஆனால் இதை நம்பி யாரும் உடனே கேசட் கம்பெனி தொடங்கிவிட முடியாது! பாட்டின் சொல்லுக்கும் மெட்டுக்கும் தனி உரிமை உண்டு. அது எழுதியவரும் இசை அமைத்தவரும் மறைந்த பிறகு 60 ஆண்டு நீடிக்கும். கண்ணதாசன் மறைந்தது 1981-ல். அவருடைய சொல் 2041 கடைசி வரை காவலில் இருக்கும். எம்.எஸ்.விஸ்வநாதன் மறைந்தது 2015-ல். அவருடைய மெட்டு 2075 வரை.

பழைய கேசட் வைத்திருப்பவர்களுக்கு

பெங்களூரில் பழைய கேசட் தேடுகிறவர்கள் சிக்பேட்டைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போய்ப் பார்க்கலாம். பழைய தட்டும் கேசட்டும் டேப் ரிக்கார்டரும் பழைய சாமான்களோடு கலந்து கிடக்கும். வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில.

அட்டையின் பொடி எழுத்தை முதலில் படிக்க வேண்டும். பாடகர் பெயர் எங்கும் இல்லை என்றால் குரல் வேறாக இருக்கலாம். நாடாவுக்குப் பின்னால் சின்னப் பஞ்சுத் துண்டு ஒன்று இருக்கும். அது உதிர்ந்திருந்தால் ஒலி எழும்பாது. நாடாவின் மேல் வெள்ளைப் பூசணம் படர்ந்திருந்தால் வாங்கக் கூடாது. போட்டால் டேப் ரிக்கார்டரும் கெடும்.

வெகு நாள் பெட்டியில் கிடந்த கேசட்டை எடுத்த எடுப்பில் பாட விடக் கூடாது. ஒரு முறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிக்கொண்டு, பிறகு போட வேண்டும். ஒலிபெருக்கியின் காந்தத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. வெயிலில் வைக்கவே கூடாது. டேப் ரிக்கார்டரின் தலையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அவ்வப்போது துடைப்பது நல்லது.

இன்னொன்றும் செய்யலாம். அட்டையில் எழுதியவர் பெயர் இல்லை என்றால், தெரிந்தவர்கள் பேனாவால் எழுதி வைக்கலாம். பாட்டு யார் எழுதியது, யார் இசை அமைத்தது, எந்தப் படம், எந்த ஆண்டு என்று எழுதி வைத்தால், பின்னால் அதை எடுத்துப் பார்க்கும் பேரப்பிள்ளைகளுக்கு உதவும். கம்பெனி செய்யாமல் விட்டதைக் கேட்டவர் செய்துவிட்டுப் போகலாம்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கேசட் அது. பகல் வேலை முடிந்து வந்தவர் முகம் கழுவி, பாயில் உட்கார்ந்து, பொத்தானை அழுத்தினால் முப்பது நிமிஷம் பாடும். ஒரு பக்கம் முடிந்ததும் "டக்" என்று நிற்கும். எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். அந்தச் சில வினாடி அமைதியில் பக்கத்து வீட்டிலிருந்தும் பாட்டு கேட்கும். மொழி வேறு. பாடுகிறவர் அவரேதான்.